பழைய பெட்டியிலிருந்து திரைக்கு: கருப்பின குயர் வரலாற்றை ஆவணக் குறும்படமாக எடுப்பவர்களுக்கு

அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ சினிமா படிக்கிறீர்கள், அல்லது அங்குள்ள நண்பர்களோடு சேர்ந்து ஒரு சுயாதீன ஆவணப்படத்தில் எடிட்டராகவோ தயாரிப்பாளராகவோ இறங்கியிருக்கிறீர்கள். பொருள், கருப்பின பால்புதுமையரின் கடந்த காலம்: ஹார்லெம் கிளப் பாடகிகள், 1980களின் கவிஞர் வட்டங்கள், பால்ரூம் குடும்பங்கள் (ஆட்ட, அலங்காரப் போட்டிகளை மையமாக வைத்த குயர் வட்டங்கள்). பழைய புகைப்படம், கடிதம், வீடியோ டேப் இவற்றை வைத்து 15 அல்லது 20 நிமிடப் படம். கேமரா, லைட், எடிட்டிங் எல்லாம் இணையத்திலேயே கற்றுக்கொள்ளலாம். இந்த வகைப் படங்கள் பாதியில் நிற்பது காகிதத்தால்தான். படம் முடிந்து, விழாவில் ஓடி, ஒளிபரப்புக்கு வாய்ப்பு வரும்போது ‘இந்தப் புகைப்படத்துக்கு அனுமதி எங்கே’ என்ற கேள்வி வரும். அப்போது தேடத் தொடங்கினால் படத்தை மறுபடி வெட்ட வேண்டியதுதான்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். எடிட்டிங் டைம்லைனில் ஒரு படத்தை வைப்பதற்கு முன்பே முதல் நான்கு படிகள் முடிந்திருக்க வேண்டும். எழுதியிருப்பது பெரும்பாலும் அமெரிக்கச் சட்டப்படி. பிரிட்டன் எங்கே வேறுபடுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறது.

1. பொருள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

முதலில் போக வேண்டிய இடம் ஹார்லெமில் உள்ள ஷோம்பர்க் மையம். நியூயார்க் பொது நூலகத்தின் கிளை இது. 1999இல் ஸ்டீவன் ஃபுல்வுட் தொடங்கிய கருப்பின கே, லெஸ்பியன் ஆவணத் திரட்டு இப்போது ‘இன் த லைஃப் ஆர்க்கைவ்’ என்ற பெயரில் அங்கே இருக்கிறது. ஜோசஃப் பீம், அஸோட்டோ செயின்ட் போன்ற எழுத்தாளர்களின் தாள்களும் அங்கேதான். ஆவணப்பட இயக்குநர் மார்லன் ரிக்ஸின் தாள்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில். கவிஞர் ஆட்ரி லார்டின் தாள்கள் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில். கருப்பின சினிமாவுக்கென்றே 1981இல் தொடங்கிய காப்பகம் இந்தியானா பல்கலைக்கழகத்தின் ப்ளூமிங்டன் வளாகத்தில். லண்டனில் என்றால், அஜாமுவும் டோஃபர் கேம்பலும் 2005இல் தொடங்கிய ‘ருக்கஸ்’ திரட்டு நகர ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும்.

1974இல் தொடங்கி இப்போது புரூக்ளினில் இருக்கும் லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆர்க்கைவ்ஸ் வேறு ரகம். முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்துவது. திறந்திருக்கும் நேரம் குறைவு, பதில் தாமதமாகத்தான் வரும். பல்கலைக்கழக நூலகத்திடம் எதிர்பார்க்கும் வேகத்தை அங்கே எதிர்பார்த்து மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போடாதீர்கள். போகும்போது நன்கொடை கொடுங்கள்.

போவதற்கு முன் செய்ய வேண்டியவை:

- ‘ஃபைண்டிங் எய்ட்’ எனப்படும் பெட்டிவாரிப் பட்டியலை இணையத்தில் முழுதாகப் படியுங்கள். அதில் ‘அணுகல் கட்டுப்பாடு’, ‘பயன்பாட்டுக் கட்டுப்பாடு’ என்று இரண்டு பத்திகள் இருக்கும். முதலாவது பார்க்க முடியுமா என்பது. இரண்டாவது வெளியிட முடியுமா என்பது. புதியவர்கள் முதலாவதை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.
- பெட்டி எண், கோப்பு எண் குறித்து முன்பதிவு செய்யுங்கள். பல பெட்டிகள் வேறு கிடங்கில் இருக்கும். வரவழைக்க நாள் பிடிக்கும்.
- ஒலி, வீடியோ நாடாக்களை நேரில் போட்டுக் காட்ட மாட்டார்கள். டிஜிட்டல் பிரதி இல்லையென்றால் நீங்கள் பணம் கட்டி மாற்றச் சொல்ல வேண்டும். அதற்கு மாதக் கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாசிப்பறையில் செல்போனில் படம் எடுக்க விடுவார்கள். அது ஆய்வுக்கு மட்டும். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் பெட்டி எண், கோப்பு எண் எழுதிய சீட்டை ஒரு படம் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதம் கழித்து எந்தக் கடிதம் எந்தப் பெட்டி என்று ஒருவராலும் சொல்ல முடியாது. புகைப்படத்தின் பின்பக்கத்தைக் கட்டாயம் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ பென்சிலில் எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். மூன்றாம், நான்காம் படிகள் முழுக்க அதை நம்பித்தான்.

2. ஒரு பொருளுக்கு மூன்று பேர்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஒரு பழைய புகைப்படத்தில் மூன்று தனித்தனி ஆட்கள் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். காகிதத்தை வைத்திருப்பவர் (காப்பகம், குடும்பம், நண்பர்). பதிப்புரிமை உள்ளவர், அது படத்தில் இருப்பவர் அல்ல, படத்தை எடுத்தவர். மூன்றாவது, படத்தில் இருப்பவர்.

காப்பகத்துக்குக் கட்டணம் கட்டி நல்ல ஸ்கேன் வாங்கிவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைப்பதுதான் மிகப் பெரிய பொறி. காப்பகம் விற்றது கோப்பை. பெரும்பாலான காப்பகங்கள் தங்கள் படிவத்திலேயே ‘பதிப்புரிமை அனுமதி பெறுவது பயனரின் பொறுப்பு’ என்று எழுதியிருக்கும். அந்த வரியைத் தாண்டித்தான் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஆகவே முதல் நாளே ஒரு விரிதாள் திறங்கள். வரிசை எண், பொருள், இருக்கும் இடம், எடுத்தவர் அல்லது எழுதியவர், ஆண்டு, வெளியிடப்பட்டதா இல்லையா, உரிமையாளர், படத்தில் உள்ளவர்கள், உயிரோடு இருக்கிறார்களா, கேட்ட தேதி, பதில், கட்டணம், கேட்ட எல்லை (விழா மட்டுமா, எல்லா ஊடகமுமா), படத்தில் வரும் நேரம். பதினான்கு பத்தி என்று மலைக்க வேண்டாம். பின்னால் வழக்கறிஞரும் காப்பீட்டு நிறுவனமும் கேட்கப் போவது இதே தாளைத்தான்.

மூன்றாமவர் விஷயத்தில் சட்டத்தைவிடக் கூடுதலாகவே யோசியுங்கள். 1985இல் ஒரு வீட்டு விருந்தில் எடுத்த படத்தில் எட்டுப் பேர் இருக்கலாம். அதில் சிலர் இன்றும் தங்கள் தேவாலயத்திலோ குடும்பத்திலோ சொல்லாமல் வாழ்கிறவர்களாக இருக்கலாம். உயிரோடு இருக்கும் ஒருவரின் பாலீர்ப்பையோ எச்.ஐ.வி நிலையையோ அவர் சொல்லாமல் படம் சொல்வது அமெரிக்காவில் தனியுரிமை வழக்குக்கு இடம் கொடுக்கும். பிரிட்டனில் பாலீர்ப்பு என்பது தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி தனி வகைத் தகவல். அடையாளம் தெரியாத முகங்கள் இருந்தால், தெரிந்த முகத்தை மட்டும் காட்டி மற்றதை ஃபிரேமுக்கு வெளியே விடுங்கள். முகத்தை மங்கலாக்குவது கடைசி வழி. குற்றவாளியைக் காட்டுவது போலாகிவிடும்.

3. காலக் கணக்கு

எது இலவசம் என்பதை ஊகிக்காதீர்கள், கணக்குப் போடுங்கள். அமெரிக்கக் கணக்கு சுருக்கமாக இது:

- வெளியிடப்பட்டு 95 ஆண்டு கடந்தவை பொதுவுடைமை, அதாவது யாரும் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் ஓர் ஆண்டுக்கான படைப்புகள் புதிதாகச் சேரும்.
- 1963 வரை வெளியானவை 28ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் பொதுவுடைமை. இதழ்களும் புகைப்படங்களும் பெரும்பாலும் புதுப்பிக்கப்படவில்லை; பதிப்புரிமை அலுவலகத்தின் பழைய பட்டியல்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இருக்கின்றன, நீங்களே பார்க்கலாம்.
- 1977 வரை பதிப்புரிமைக் குறிப்பு இல்லாமல் வெளியானவையும் பொதுவுடைமை. 1970களின் கையடக்கச் செய்தி இதழ்கள், கிளப் நோட்டீஸ்கள் பலவும் இதில் தப்பிவிடும். 1978 முதல் 1989 பிப்ரவரி வரை குறிப்பு இல்லாவிட்டாலும், ஐந்து ஆண்டுக்குள் பதிவுசெய்து காப்பாற்றியிருக்க வாய்ப்பு உண்டு. எனவே பதிவேட்டைப் பாருங்கள்.
- வெளியிடப்படாத கடிதம், நாட்குறிப்பு, கையெழுத்துப் பிரதி: எழுதியவர் இறந்து 70 ஆண்டு. யார் எடுத்தது என்றே தெரியாத, வெளிவராத புகைப்படம் என்றால் எடுத்த ஆண்டிலிருந்து 120.

கடைசி விதிதான் இந்தத் துறையில் எல்லோரையும் கவிழ்ப்பது. ஹார்லெம் எழுத்தாளர் ரிச்சர்ட் புரூஸ் நுஜென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1926இல் ‘ஃபயர்’ இதழில் வெளியான அவருடைய கதை 2022 முதல் யாரும் பயன்படுத்தலாம். ஆனால் அவர் இறந்தது 1987இல். அவர் எழுதி வெளிவராமல் கிடந்த ஒரு கடிதம் 1926ஆம் ஆண்டுத் தேதியே போட்டிருந்தாலும் 2057 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டது. ஒரே ஆள், ஒரே ஆண்டு. அச்சேறியதா இல்லையா என்பதுதான் வேறுபாடு. பிரிட்டனில் இன்னும் சிக்கல்: 1969க்கு முன் இறந்தவர்களின் வெளிவராத எழுத்துகள் பல, எவ்வளவு பழையதானாலும், 2039 முடியும்வரை உரிமைக்குள் இருக்கும்.

கார்ல் வான் வெக்டன் எடுத்த உருவப்படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் போவது அங்கேதான். பெஸ்ஸி ஸ்மித், ஜேம்ஸ் பால்ட்வின் என்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ள தொகுப்பைப் பயன்படுத்தத் தடை இல்லை. உயர்தரக் கோப்பு இலவசமாகவே இறங்கும். ஆனால் எடுத்தவர் பெயரைப் போட வேண்டும், வண்ணம் ஏற்றக் கூடாது, வெட்டக் கூடாது என்ற வேண்டுகோள் அதோடு வருகிறது. நெடுக்குவாக்குப் படத்தை 16:9 திரையில் முகத்தை நோக்கி மெல்ல ஸூம் செய்கிற வழக்கமான உத்தி இங்கே உதவாது. படத்தை முழுதாக, இரு பக்கமும் கருப்பு விட்டு, அசையாமல் ஏழெட்டு வினாடி வையுங்கள். பார்க்க இன்னும் நன்றாகவே இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள அவருடைய படங்களுக்கு இதே நிலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே தனியாகக் கேளுங்கள்.

4. வாரிசைத் தேடுவது

1980களிலும் 90களிலும் எய்ட்ஸால் இறந்த கருப்பின கே கலைஞர்கள் பலர் முப்பதுகளில் போனவர்கள். உயில் எழுதியவர்கள் குறைவு. அன்று தற்பாலினத் திருமணம் கிடையாது. ஆகவே உயில் இல்லையென்றால் பதிப்புரிமை பெற்றோருக்கு, அல்லது உடன்பிறந்தவர்களுக்குப் போயிருக்கும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட துணைவர் முப்பது வருடம் அந்தப் பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தாலும் உரிமை அவருடையது அல்ல. எட்டிப் பார்க்காத அண்ணனுடையது. துணைவரின் கையெழுத்தை வாங்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கும் படக்குழுக்கள் நிறைய.

செய்ய வேண்டியது இரண்டும்தான். துணைவரிடம் பொருளுக்கும் ஸ்கேனுக்கும் அனுமதி, மரியாதையாக ஒரு நன்றித் தொகை. குடும்பத்திடம் பதிப்புரிமை அனுமதி. இந்த இரு தரப்பும் பேசிக்கொள்ளாதவர்களாக இருக்கலாம். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாதீர்கள்.

தேடும் வழி: இறந்த மாவட்டத்தின் உயில் நீதிமன்றம் (நியூயார்க்கில் ‘சரோகேட்ஸ் கோர்ட்’) கோப்புகளில் நிர்வாகி பெயர் இருக்கும். அடுத்து, காப்பகத்துக்குத் தாள்களைக் கொடுத்தவர் யார் என்று காப்பாளரிடம் கேளுங்கள். முகவரி தர மாட்டார்கள், உங்கள் கடிதத்தை அனுப்பி வைப்பார்கள். பழைய இரங்கல் குறிப்பில் குடும்பத்தார் பெயர்கள் இருக்கும். சேர்ந்து எழுதிய நண்பர்களைக் கேளுங்கள். ஜோசஃப் பீம் 1988இல் இறந்தபின் அவர் விட்ட தொகுப்பைக் கவிஞர் எஸ்ஸெக்ஸ் ஹெம்ப்ஹில் முடித்தது பீமின் தாயார் டாரதியின் துணையோடுதான். குடும்பம் எப்போதும் எதிர்ப்பக்கம் இருக்கும் என்று முன்முடிவோடு போகாதீர்கள்.

முதல் கடிதம் ஒரு பக்கம். நீங்கள் யார், எந்தப் பொருள் (சிறு பிரதியை இணையுங்கள்), படத்தில் எத்தனை வினாடி, எங்கே காட்டப்படும், என்ன தொகை தர முடியும். ‘குயர்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கடிதத்தை மூடிவைக்கும் வயதானவர்கள் உண்டு. அதற்காகப் படம் எதைப் பற்றியது என்பதை மறைத்து அனுமதி வாங்காதீர்கள். மறைத்து வாங்கிய கையெழுத்து நீதிமன்றத்தில் நிற்காது. பதிலுக்கு ஆறு வாரம் கொடுங்கள், ஒருமுறை நினைவூட்டுங்கள், அப்புறம் தொலைபேசி.

கவிஞரின் எஸ்டேட் (இறந்தவரின் உரிமைகளைக் கவனிக்கும் தரப்பு) மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐசக் ஜூலியனின் ‘லுக்கிங் ஃபார் லாங்ஸ்டன்’ ஓர் எடுத்துக்காட்டு. லாங்ஸ்டன் ஹியூஸின் எஸ்டேட் எதிர்த்ததால், 1989 நியூயார்க் திரைப்பட விழாவில் அவருடைய கவிதை வரும் இடங்களில் ஒலியைக் குறைத்துத்தான் காட்டினார்கள். அப்படி ஓடிய படம் இன்று பாடத்திட்டத்தில் இருக்கிறது என்பது வேறு விஷயம். உங்கள் முதல் படத்துக்கு அந்த அனுபவம் வேண்டாம்.

யாரும் கிடைக்காவிட்டால் தேடிய ஒவ்வொரு முயற்சியையும் தேதியோடு குறித்து வையுங்கள். பிரிட்டனில் உரிமையாளர் தெரியாத படைப்புக்கு அரசே உரிமம் தரும் ஏற்பாடு உண்டு: விண்ணப்பக் கட்டணம் ஒரு படைப்புக்கு 20 பவுண்டு, 30 படைப்புகளுக்கு 80 பவுண்டு, உரிமத் தொகை தனி. அமெரிக்காவில் அப்படி ஏதும் இல்லை. அங்கே ‘ஃபேர் யூஸ்’ எனப்படும் நியாயப் பயன்பாட்டு வாதம்தான் துணை. அது எட்டாம் படியில்.

5. இசை

பாட்டுக்கு இரண்டு உரிமை: மெட்டும் வரியும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. முதலாவது இசைப் பதிப்பகத்திடம், இரண்டாவது ரெக்கார்டு நிறுவனத்திடம். இரண்டுக்கும் காலக் கணக்கே வேறு. ப்ளூஸ் பாடகி மா ரெய்னி 1928இல் பதிவு செய்த ‘புரூவ் இட் ஆன் மி ப்ளூஸ்’ இந்தப் பொருளில் படம் எடுக்கும் எல்லோரும் ஆசைப்படும் பாட்டு. பாடல் 2024 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. ஆனால் 1923 முதல் 1946 வரையிலான ஒலிப்பதிவுகளுக்கு நூறு ஆண்டுப் பாதுகாப்பு. மா ரெய்னியின் குரல் விடுபடுவது 2029 ஜனவரி 1. அதற்குள் படம் வெளிவர வேண்டும் என்றால், ஒரு பாடகியையும் பியானோக்காரரையும் வைத்து நீங்களே புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம். அவர்களிடம் ‘இந்த ஒலிப்பதிவு தயாரிப்பாளருக்குச் சொந்தம்’ என்று அன்றே எழுதி வாங்கிவிடுங்கள். பின்னாளில் யாரோ போட்ட ஸ்வரக்குறிப்பைப் பார்த்து வாசிக்கச் செய்யாதீர்கள். அதற்கு அவர் தனியாக உரிமை கோரலாம்.

இன்னொரு பொறி, பால்ரூம் வீடியோ. டேப்பை எடுத்தவர் அனுமதி தந்துவிட்டார், ஆடியவர்களும் தந்துவிட்டார்கள். ஆனால் பின்னால் ஸ்பீக்கரில் ஓடுவது அந்தக் காலத்து ஹிட் பாட்டு. ஆட்டத்திலிருந்து பாட்டைப் பிரிக்க முடியாது. இதற்குக் கேட்கும் தொகை முழுப் படத்தின் பட்ஜெட்டைத் தாண்டலாம். ரஃப் கட்டிலேயே அந்த இடங்களைக் குறித்து, ஒலியை எடுத்துவிட்டுப் பேச்சின் மேல் ஓட்ட முடியுமா என்று பாருங்கள்.

இசை உரிமங்களில் ‘சமநிலை’ நிபந்தனை வரும்: ஒருவருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்களோ அதே தொகை மற்றவருக்கும். பதிப்பகத்துக்கு 500 டாலர் என்று ஒத்துக்கொண்டபின் ரெக்கார்டு நிறுவனம் 1,500 கேட்டால் இருவருக்கும் 1,500. கையெழுத்துக்கு முன் இரு தரப்பு விலையையும் கேளுங்கள்.

6. நேர்காணலும் ஒப்புதல் படிவமும்

படிவத்தை நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். கேமரா ஓடி முடிந்தபின் நீட்டினால் படிக்காமல் போடுவார்கள், பின்னால் வருந்துவார்கள். படிவத்தில் இவை இருக்க வேண்டும்: எந்தெந்த ஊடகம், எந்த நாடு, எவ்வளவு காலம், மாற்றி எடிட் செய்யும் உரிமை, நன்றித் தொகை, காட்டக் கூடாது என்று அவர் சொல்லும் பகுதிகள்.

பெயர் விஷயத்தில் கவனம். திருநர்களும் பால்ரூம்காரர்களும் சட்டப் பெயர் ஒன்று, வாழும் பெயர் ஒன்றாக இருப்பார்கள். கையெழுத்துக்குச் சட்டப் பெயர் தேவைப்படலாம். படிவத்தில் ‘திரையில் வர வேண்டிய பெயர்’, ‘குறிப்பிட வேண்டிய பாலினம்’ என்று இரண்டு கட்டங்கள் சேருங்கள். இல்லையென்றால் நடப்பது இதுதான்: கடைசி வாரம் யாரோ ஓர் உதவியாளர் படிவங்களைப் பார்த்து டைட்டில் கார்டு அடிப்பார், பேசியவர் விட்டுவிட்டு வந்த பழைய பெயர் பெரிய எழுத்தில் திரையில் வரும். சட்டப் பெயர் உள்ள படிவங்களைப் பூட்டிய கோப்புறையில் வையுங்கள். படக்குழு முழுவதற்கும் பகிர வேண்டியதில்லை.

பணம் பற்றிப் பேசத் தயங்காதீர்கள். 1990இல் வந்த பால்ரூம் ஆவணப்படமான ‘பாரிஸ் இஸ் பர்னிங்’ பெரிய வசூல் கண்டபின், அதில் வந்தவர்கள் பங்கு கேட்டார்கள். ஒப்புதல் படிவம் இருந்ததால் வழக்கு நிற்கவில்லை. கடைசியில் ஏறத்தாழ 55,000 டாலர் 13 பேருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அந்தப் பேச்சு இன்றும் ஓயவில்லை. பேசுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு தொகை, போக்குவரத்து, சாப்பாடு என்று முதலிலேயே எழுதி வையுங்கள். படம் லாபம் கண்டால் என்ன என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

லைட்டிங் பற்றி ஒன்று. கேமராவின் தானியங்கி எக்ஸ்போஷரை அணைத்துவிட்டு முகத்துக்கு அளவு வையுங்கள், பின்சுவருக்கு அல்ல. கரிய சருமத்துக்குப் பெரிய மென்மையான விளக்கைப் பக்கவாட்டில், முகத்துக்கு அருகில் வைத்தால் கன்னத்திலும் நெற்றியிலும் ஒளி படிந்து வடிவம் தெரியும். பின்னணி இருட்டாக இருந்தால் தோள், தலை ஓரத்தில் மெல்லிய விளக்கு ஒன்று போதும். பவுடர் அப்பி மினுமினுப்பைக் கொல்லாதீர்கள். ‘மூன்லைட்’ படத்தில் ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லாக்ஸ்டன் சருமத்தில் எண்ணெய் பூசி அந்தப் பளபளப்பைக் கூட்டினார்.

7. ஸ்கேனும் டேப்பும்

புகைப்படப் பிரிண்ட்டுகளை 600 டி.பி.ஐ, 16 பிட், டிஃப் கோப்பாக எடுங்கள். 4×6 அங்குலப் படத்துக்கு இது 2400×3600 பிக்சல் தரும். 4கே டைம்லைனில் நெருங்கிப் போவதென்றால் 1200 வையுங்கள். ஸ்கேனர் மென்பொருளின் ‘தானியங்கித் திருத்தம்’ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அந்தக் காலத்து வண்ண ஃபிலிமும் லேப் அளவுகளும் வெள்ளைச் சருமத்தை வைத்து அமைக்கப்பட்டவை. கருப்பினத்தவர் முகங்கள் ஏற்கெனவே இருண்டே பிரிண்ட் ஆகியிருக்கும். தானியங்கித் திருத்தம் இன்னும் கருப்பாக்கி, கண்ணையும் வாயையும் விழுங்கிவிடும்.

வீடியோ டேப் என்றால் வீட்டு வி.சி.ஆரில் போட்டுப் பார்க்காதீர்கள். ஒட்டிக்கொண்ட டேப் ஒரே ஓட்டத்தில் அறுந்துவிடும். யூமேட்டிக் என்ற பழைய வகை வீடியோ டேப்புகளைப் பெரும்பாலும் லேபில் மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்திய பிறகே ஓட்டுவார்கள். அதற்குத் தனிக் கட்டணம். லேபிடம் கேட்க வேண்டியது: ‘டைம் பேஸ் கரெக்டர்’ உள்ள கருவி, 720×486 அளவு, 29.97 இன்டர்லேஸ், இழப்பில்லாத கோப்பு அல்லது ப்ரோரெஸ் எச்.க்யூ. எம்.பி4 மட்டும் கொடுத்தால் வாங்காதீர்கள். 4:3 படத்தை இழுத்து 16:9 ஆக்காதீர்கள். எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள்.

8. நியாயப் பயன்பாடு, வழக்கறிஞர், காப்பீடு

அமெரிக்கச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, விமர்சனத்துக்கும் விளக்கத்துக்கும் அனுமதியின்றிப் பயன்படுத்த இடம் தருகிறது. அதற்காக ‘ஆவணப்படம் என்றால் எல்லாம் நியாயப் பயன்பாடு’ என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஒரு செய்தித் துணுக்கைக் காட்டி, அந்தச் செய்தி எப்படிப் பேசியது என்று உங்கள் படம் அலசினால் வாதம் வலுவானது. வெறும் சூழலுக்காக அதே துணுக்கை ஓட்டினால் பலவீனமானது. எவ்வளவு வினாடி என்பதற்கு மந்திர எண் எதுவும் கிடையாது; ‘முப்பது வினாடிக்குள் என்றால் பரவாயில்லை’ என்பது கட்டுக்கதை. ஓவியர் ஆண்டி வார்ஹோல் தொடர்பான புகைப்பட வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு வழக்கறிஞர்கள் இன்னும் உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். 2005இல் ஆவணப்படக்காரர்களே சேர்ந்து வகுத்த நியாயப் பயன்பாட்டு நெறிமுறை ஒன்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எடிட் செய்யுங்கள்.

விழாவோடு நிற்கும் குறும்படத்துக்குப் பிழைக் காப்பீடு (உரிமை, தனியுரிமை வழக்கு வந்தால் ஈடுகட்டுவது) பெரும்பாலும் தேவைப்படாது. தொலைக்காட்சியும் ஸ்ட்ரீமிங்கும் கேட்கும்: ஒரு கோரிக்கைக்கு 10 லட்சம் டாலர், மொத்தம் 30 லட்சம் டாலர் வரம்பு என்பது வழக்கமான அளவு. பிரீமியம் சில ஆயிரம் டாலர். நியாயப் பயன்பாட்டு இடங்களுக்கு வழக்கறிஞரின் கருத்துக் கடிதம் இல்லாமல் தர மாட்டார்கள். கட்டணம் கட்ட முடியாதவர்கள் நியூயார்க்கின் கலைஞர்களுக்கான தன்னார்வ வழக்கறிஞர் அமைப்பையோ, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் சட்டக் கல்லூரி கிளினிக்கையோ அணுகலாம். கல்லூரிக் கிளினிக்குகள் செமஸ்டர் கணக்கில் ஓடுபவை. மே மாதம் கேட்டால் செப்டம்பர்.

9. ஆவணமே இல்லாதபோது

சில இடங்களில் பெட்டியே இருக்காது. எரித்திருப்பார்கள், அல்லது யாரும் படம் எடுத்தே இருக்க மாட்டார்கள். 1996இல் ‘த வாட்டர்மெலன் உமன்’ எடுத்த ஷெரில் டன்யே, 1930களின் கருப்பின லெஸ்பியன் நடிகை ஒருவரைக் கற்பனையாக உருவாக்கினார். ஸோயி லெனர்ட் அதற்காக 82 புகைப்படங்களை நடிகர்களை வைத்து எடுத்து, பழையது போல் ஆக்கிக் கொடுத்தார். இது கற்பனை என்று படத்தின் முடிவில் எழுத்தில் சொல்லிவிடுகிறார்கள்.

நீங்களும் செய்யலாம். ஆனால் உண்மையான ஆவணத்தோடு கலக்கும் படத்தில் எது எது என்று பார்வையாளருக்குத் தெரிய வேண்டும்: வேறு ஃபிரேம் அளவு, மூலையில் ஒரு சொல், அல்லது டைட்டிலில் பட்டியல். நடித்துக் கொடுப்பவர்களுக்கும் ஒப்புதல் படிவம் வேண்டும். செயற்கை நுண்ணறிவில் ‘பழைய புகைப்படம்’ செய்து நுழைக்காதீர்கள். ஏற்கெனவே ஆதாரம் குறைவான வரலாறு; அந்தப் படம் பிரிந்து இணையத்தில் உலவத் தொடங்கினால் அடுத்து தேடி வருபவர் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வார்.

10. பணமும் காலமும்

20 நிமிடப் படத்துக்குத் திட்டமிட எடுத்துக்கொள்ளக்கூடிய தொகைகள். இடத்துக்கு இடம் மாறும். ஸ்கேன், டேப் மாற்றம்: 1,000 முதல் 2,500 டாலர். காப்பக உரிமம்: 3,000 முதல் 8,000. இசை: 2,000க்குக் குறையாமல். வழக்கறிஞர்: 1,500 முதல் 5,000. விழா நுழைவுக் கட்டணம்: 600 முதல் 1,500. செய்தி நிறுவனங்களின் ஃபுட்டேஜ் வினாடிக் கணக்கில் விற்கும். நீங்கள் எடுப்பது நான்கு வினாடி என்றாலும் குறைந்தபட்ச அளவுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

உரிமம் வாங்கும்போது ‘விழாக்கள் மட்டும்’ மலிவு. அதை வாங்குங்கள், ஆனால் அதே கடிதத்தில் ‘பின்னர் உலகம் முழுதும், எல்லா ஊடகமும், நிரந்தரம் என்று உயர்த்த எவ்வளவு’ என்று விலையை எழுதி வாங்கிவிடுங்கள். படம் பேர் வாங்கியபின் கேட்டால் விலை வேறு.

மானியங்கள் பல, வரிவிலக்குள்ள அமைப்புகளுக்குத்தான் காசோலை தரும். தனியாளாக இருப்பவர்கள் ஒரு ‘ஃபிஸ்கல் ஸ்பான்சர்’ (உங்களுக்காகப் பணத்தை வாங்கித் தரும் வரிவிலக்குள்ள அமைப்பு) வழியாகப் போவார்கள்; பொதுவாக 5 முதல் 10 சதவிகிதம் பிடிப்பார்கள். கருப்பின, குயர் படங்களோடு நெடுங்காலம் வேலை செய்த ‘தேர்ட் வேர்ல்ட் நியூஸ்ரீல்’, ‘விமன் மேக் மூவீஸ்’ இரண்டையும் முதலில் பாருங்கள். மாணவ விசாவில் இருப்பவர்கள் மானியப் பணத்தைத் தங்கள் பெயரில் சம்பளமாக எடுக்கும் முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

காலம்: தேடலுக்கு மூன்று முதல் நான்கு மாதம், அனுமதிக்கு நான்கு முதல் ஆறு, படப்பிடிப்பு அதற்கு இணையாக, எடிட்டிங் மூன்று. ஒன்றேகால் வருடத்துக்குக் குறைத்துத் திட்டம் போடாதீர்கள்.

11. முடித்தபின்

திரையின் கீழ் ஓடும் வசன எழுத்தை (சப்டைட்டில்) மென்பொருளிடம் விட்டுவிடாதீர்கள். கருப்பின ஆங்கிலத்தையும் பால்ரூம் பேச்சையும் அது ‘திருத்தி’ எழுதும், அல்லது அபத்தமாக்கும். அந்தப் பேச்சோடு வளர்ந்த ஒருவருக்குக் கூலி கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

திரையரங்குக் கோப்பான டி.சி.பி.யை ‘டி.சி.பி-ஓ-மேட்டிக்’ இலவச மென்பொருளில் நீங்களே செய்யலாம். 20 நிமிடப் படம் உச்ச அளவில் 37 ஜிகாபைட் வரும். கோப்புக்குப் பூட்டு (என்கிரிப்ஷன்) போடாதீர்கள்; சாவிக் கோப்பில் தேதியோ சர்வரோ தவறினால் அன்றைய காட்சி போச்சு.

வெளியிடும் முன் பதிப்புரிமை அலுவலகத்தில் படத்தைப் பதிவு செய்யுங்கள். கட்டணம் 65 டாலர். ஒரே ஆள் செய்த படைப்பு என்றால் 45. இதை ஒதுக்காதீர்கள். மார்லன் ரிக்ஸின் ‘டங்ஸ் அன்டைட்’ 1991இல் பொதுத் தொலைக்காட்சியில் வந்தபோது பல நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. 1992 அதிபர் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட பேட் புகானன் அதன் காட்சியை எடுத்துத் தன் பிரசார விளம்பரத்தில் போட்டார். உங்கள் காட்சியும் உங்களுக்கு எதிராக ஓடலாம். திருட்டுக்கு முன்போ, வெளியான மூன்று மாதத்துக்குள்ளோ பதிவு செய்திருந்தால்தான் சட்டம் வகுத்த நஷ்டஈடும் வழக்குச் செலவும் கேட்க முடியும்.

விழாக்களில் ஃபிலடெல்ஃபியாவின் பிளாக்ஸ்டார், சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபிரேம்லைன், நியூயார்க்கின் நியூஃபெஸ்ட், லண்டனின் பி.எஃப்.ஐ ஃபிளேர், மான்ட்ரியலின் மசிமாடி ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். விண்ணப்பம் பெரும்பாலும் ஐந்தாறு மாதம் முன்பே மூடிவிடும். முதல் தவணைக் கட்டணம் கடைசித் தவணையில் ஏறக்குறைய பாதி. முழுப் படத்தையும் யூடியூபில் பொதுவில் ஏற்றிவிட்டால் சில விழாக்கள் எடுக்காது. கடவுச்சொல் போட்ட இணைப்பு அனுப்புங்கள். படத்தில் பேசியவர்களுக்கு முதல் காட்சிக்கு முன்பே அந்த இணைப்பு போயிருக்கட்டும், ஏதேனும் பெயர் தவறியிருந்தால் மாற்ற இரண்டு வாரம் மீதி இருக்கும்படி.